நான்கு விரல் உயரம்

1.
இந்தக் கதை எனக்கு ஒரு கார் ஷோரூமில் கிடைத்தது. மாமாவின் வண்டி சர்வீஸ் முடிந்து வரக் காத்திருந்தேன். ஆளில்லாத சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை ஓய்ந்த மாலையில், விதி தன் சக்கரங்களை உருட்டிக்கொண்டு…’

(வேண்டாம். மழையே இல்லை. காலை பதினொரு மணி.)

2.
விற்பனையாளன் எழுந்து ஓடினான். மூன்று மாதமாக ஒரு வண்டியும் நகரவில்லை. “இன்னைக்கும் போகலைன்னா நாளைக்கு வராதே” என்று மேனேஜர் காலையில்தான் டீயை ஆற்றிக்கொண்டே சொல்லியிருந்தார்.

“சின்ன எஸ்யூவிதானே தம்பி இது? சொகுசெல்லாம் பேருக்கா?”

“உட்கார்ந்து பாருங்க சார், இறங்கவே மாட்டீங்க.”

“நான் இறங்கிருவேன். என் வீட்டுக்காரம்மாவைத்தான் இறக்கணும்.”

அந்த அம்மாவுக்கு முதுகெலும்பு போய்விட்டது. டீசல் வண்டியின் நடுக்கம் தாங்காமல் வழியெல்லாம் துண்டைக் கடித்துக்கொண்டு வருவாராம். அதனால் ஹைபிரிட் வேண்டும். ஊருக்குள் பேட்டரியில் சத்தமில்லாமல் ஓடும். வீடு மேட்டில் இருப்பதால் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும்.

பெரியவர் நாற்காலியை மடக்கி, அங்கே நின்ற வண்டியின் டிக்கியில் வைத்தார். அளவெடுத்தது போலப் பொருந்தியது. கதவும் மூடியது. அவர் முகம்…

(அந்த முகத்தை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்.)

3.
அங்கே நின்றது டீசல் வண்டி. அதே வண்டியின் ஹைபிரிட் வகையில் டிக்கித் தளத்துக்கு அடியில் பேட்டரி இருக்கிறது. தளம் நான்கு விரல் உயரம் கூடுதல். நாற்காலியை வைத்தால் கதவு மூடாது. பின்சீட்டை மடக்கலாம்தான். ஆனால் பின்சீட்டில்தான் அந்த அம்மா படுத்து வருவார்.

விற்பனையாளனுக்கு இது தெரியும். (முதல் பிரதியில் அவனை அயோக்கியனாக்கினேன், நம்பும்படி இல்லை. பிறகு நோயாளிக் குழந்தை ஒன்றைக் கொடுத்தேன், அதையும் பிடுங்கிக்கொண்டேன். வயிற்றுப்பாடு போதும்.)

“ஹைபிரிட்லயும் டிக்கி இதேதானே, தம்பி?”

முடிவு அ: உண்மையைச் சொல்கிறான். பெரியவர் நன்றி சொல்லி வேறு கடைக்குப் போகிறார். மறுநாள் அவன் மேஜையில் வேறு ஆள்.

முடிவு ஆ: “அதேதான் சார்.” பிறகொரு நாள், மருத்துவமனை வாசலில், மூடாத கதவோடு மல்லுக்கட்டும் கிழவர். உள்ளே படுத்தபடி அந்த அம்மா, “விடுங்க, திரும்பிப் போயிரலாம்” என்று…

4.
இரண்டையும் அடித்துவிட்டேன். காரணத்தை இதுவரை மறைத்து வைத்திருந்தேன்.

விற்பனையாளன் டிக்கிக் கதவைத் துடைக்கத் தொடங்கினான். பெரியவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீங்க. எல்லாத்துலயும் டிக்கி ஒண்ணுதானே?”

பொழுது போகாமல் அந்த வண்டியின் விவரப்புத்தகத்தை முழுக்கப் படித்திருந்தேன். இரண்டு டிக்கி அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த தாளில்தான் என் விரல் இருந்தது.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வெளியே மாமா ஹாரன் அடித்தார். போய்விட்டேன். என் இருக்கை காலியாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். புத்தகமும் அங்கேயே கிடக்கிறது. பெரியவர் இப்போது உங்களைப் பார்க்கிறார்.