கீரைப் பாத்தி மண்

கிராண்ட்பாஸில், களனி ஆற்றோரம், சீனியம்மாவும் அவள் புருஷன் இருளப்பனும் கீரை போட்டிருந்த நிலம் ஒருகாலத்தில் பெற்றோமக்ஸ் விளக்குக்குள் ஒளிரும் துணிவலை செய்த கொம்பனியின் பின்வளவு. கொம்பனி மூடி வெகுகாலம். தொண்ணூற்று மூன்றில் அரசாங்க ஆட்கள் முகமூடியும் கையுறையுமாக வந்து, வல்லாரையையும் பொன்னாங்கண்ணியையும் மண்ணோடு சுரண்டித் தடித்த பைகளில் கட்டத் தொடங்கினார்கள்.

அவர்களில் தமிழ் பேசியவர் ஹெக்டர், கொட்டாஞ்சேனைக்காரர்.

"அந்த வலையில பூசுற மருந்தில கதிரியக்கம் இருக்கு. மிச்சத்தை இங்கதான் கொட்டியிருக்கிறாங்கள். மேல்மண்ணை எடுத்தாச் சரி, பயப்பிடாதீங்கோ."

"கண்ணுக்குத் தெரியுமாங்க ஐயா?"

"தெரியாது. மணமும் இல்லை."

சீனியம்மா தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போன வருஷ வெள்ளம் வடிந்தபோது, வீட்டுத் தரையை உயர்த்த இருளப்பன் இந்த மண்ணைத்தான் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினான். அந்தத் தரையில்தான் மகள் தவமணி தவழ்ந்தாள். மண் தின்னும் பழக்கத்தை அவள் இன்னும் விடவில்லை.

பின்னேரம் புருஷனிடம் சொன்னாள். அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

"வாயத் தொறக்காத. சொன்னா வீட்டையும் ஒடச்சிருவானுங்க. நம்ம கையில என்ன காணி உறுதியா இருக்கு? எங்க போறது?"

சீனியம்மா பிள்ளையைக் கீழே இறக்க மனம் வராமல் இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தாள். ஆனால் கட்டில் ஏது? படுக்கப் பாய் விரித்ததும் அதே தரையில்தான்.

காலையில் தவமணி வாந்தியெடுத்தாள். தின்ற பாண் செமிக்காத வாந்தியாகக்கூட இருக்கலாம். சீனியம்மா அதற்குமேல் யோசிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹெக்டரிடம் ஓடினாள்.

"ஐயா, எங்க வீட்டுக்குள்ளயும் அந்த மண்ணுதாங்க!"

ஹெக்டர் கதிரியக்கம் அளக்கும் கருவியோடு வந்தார். வாசலில் அது விட்டுவிட்டு 'டிக் டிக்' என்றது. அடுப்படியில் கொஞ்சம் வேகமாக. பாய் விரிக்கும் மூலையில் ஓயாமல் இரைந்தது. அவர் நிமிர்ந்தார். பயப்பிடாதீங்கோ என்று இந்த முறை அவர் சொல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"பிள்ளையோட வெளியில போங்கோ. ஒண்டையும் எடுக்க வேண்டாம்."

பின்னால் வந்த மற்ற ஆட்களை வாசலில் மறித்து நின்ற இருளப்பன், அந்த இரைச்சலைக் கேட்டதும் தானாகவே விலகினான்.

சுவரைத் தொடாமல் தரையை மட்டும் தோண்டினார்கள். அது முடியும்வரை மூவரும் மாளிகாவத்தையில், சீனியம்மாவின் அக்கா வீட்டில் ஒண்டினார்கள். ஆஸ்பத்திரியில் தவமணியின் இரத்தத்தைச் சோதித்த டொக்டர், இப்போதைக்குக் குறையில்லை என்றார்.

"ஆனா வருஷா வருஷம் கொண்டுவந்து காட்ட வேணும்."

"எத்தன வருஷத்துக்குங்க?"

"அதை இப்ப சொல்லேலாது."

வீடு திரும்பிய பிறகும், தவமணி தும்மினால்கூட சீனியம்மாவின் கை பிள்ளையின் நெற்றிக்குப் போனது.