மாற்றிக் கொடுத்த புட்டி

கிரேன்காரனுக்கு உயரம் என்றால் பயமில்லை. தொண்ணூறு அடிக்கு மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு இருபது டன் இரும்பைப் பூப்போல இறக்கி வைப்பான். அவனுடைய பயமெல்லாம், வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி ஆஸ்பத்திரியில் நிரப்பித் தரச் சொல்லும் சின்னப் பிளாஸ்டிக் புட்டியின் மேல்தான்.

அவனுக்கு முன்னால் அந்தக் கூண்டில் இருந்தவருக்குச் சிறுநீரில் சர்க்கரை என்று தெரிந்த மறுநாளே கீழே இறக்கிவிட்டார்கள். பதினெட்டு வருடம் மேலே இருந்த மனுஷர் இப்போது துருவைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். "அவரு மேல மயங்கி விழுந்தா கீழ நாலு பேர் நசுங்குவான்" என்றார் மேலாளர். பேச்சில் குற்றம் சொல்ல முடியாது.

சோதனைக்குப் பத்து நாள் முன்னால், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று தெருமுனை லேபுக்குப் போனான். அங்கிருந்த பெண் காகிதப் பட்டையை முக்கி, மாறிய நிறத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"சர்க்கரை நிறைய இருக்கு. ரத்தமும் குடுத்துட்டுப் போங்க. அப்பதான் உறுதியாச் சொல்ல முடியும்."

உறுதியாகத் தெரிந்துவிடுமே என்றுதான் அவன் ரத்தம் கொடுக்காமல் படியிறங்கினான்.

மனைவியிடம் மட்டும் சொன்னான். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள் அவள். மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"இதுக்கா கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? என்னோடதக் கொண்டு போங்க. மூத்திரத்துல பேரா எழுதியிருக்கு?"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சோதனை நாள் காலையில் புட்டியை ஒரு துண்டுத் துணியில் சுற்றி அவன் சட்டைப் பையில் அவளே வைத்து அனுப்பினாள்.

கம்பெனி டாக்டர் பட்டையை முக்கினார். சர்க்கரைக் கட்டம் நிறம் மாறவில்லை. அவன் மூச்சு விட்டான். ஆனால் பக்கத்துக் கட்டம் கரும்பச்சையாகிவிட்டது.

"புரதம் இவ்வளவு போகுதே! காய்ச்சல் கீய்ச்சல் இருந்துச்சா?"

"இல்ல சார்."

"அடுத்த வாரம் இன்னொரு தடவை குடு. அப்பவும் இப்படியே இருந்தா விடக்கூடாது. வலி இருக்காது, ஒண்ணும் இருக்காது, கிட்னிய அரிச்சுத் தின்னுட்டுத்தான் வெளிய தெரியும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. வழியெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே நடந்தான். சொன்னால் அவள் வைத்தியத்துக்கு எங்கே போவாள்? குடும்பத்துக்கும் அதே கம்பெனி ஆஸ்பத்திரிதான், அதே டாக்டர்தான். கணவனுக்கு வந்த பச்சை மனைவிக்கும் வந்தால் அவருக்குப் புரியாதா? போதாக்குறைக்கு, புதுப் பெரிய கிரேனுக்கு ஆள் எடுக்கும் பட்டியல் அந்த வாரம்தான் வரவிருந்தது.

வாசலிலேயே கேட்டாள்: "என்ன, நான் பாஸா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ். உடம்புல ஒரு குறையும் இல்லையாம்" என்றான்.

மறுவாரம், கீழே நின்று சங்கிலி மாட்டுவதால் 'கொக்கி' என்று பேரெடுத்த நண்பனிடம் கெஞ்சி அவனுடைய சிறுநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தான். சுத்தமாக இருந்தது. "அப்ப போன தடவை ஏதோ உடம்புச் சூடு" என்று டாக்டர் கோப்பை மூடினார். அந்த வார்த்தையை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். டாக்டரே சொல்லிவிட்டார், சூடுதான் என்று. இரண்டு புட்டியும் வேறு வேறு ஆளுடையது என்பது தெரிந்த ஒரே மனிதன் தான்தான் என்பதை நினைக்காமல் இருக்கப் பழகினான். பெரிய கிரேன் கிடைத்தது. வேலை நிரந்தரமாகட்டும், வெளியே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போவோம் என்றிருந்தான். நிரந்தரமானது. மழை முடியட்டும் என்றிருந்தான்.

அடுத்த வருடம் அவளிடம் புட்டி கேட்கவில்லை. கொக்கியே தந்துவிட்டான் என்றான்.

"ஏன், என்னோடது கசந்துபோச்சா?" என்று அவள் பொய்க்கோபம் காட்டினாள்.

அதற்குள் காலையில் அவள் முகம் உப்பத் தொடங்கியிருந்தது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த பள்ளம் நெடுநேரம் மறையாது. பக்கத்துத் தெருவில் இருந்த அவளுடைய அக்கா, ஆஸ்பத்திரிக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"போக்கா. இவங்க டாக்டரே டெஸ்ட் பண்ணி ஒரு குறையும் இல்லன்னுட்டாரு. இல்லீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாள் முழுக்க மெஷினை மிதிச்சா கால் வீங்காம என்ன செய்யும்?" என்றான்.

மூன்றாம் வருடம் வாந்தி நிற்கவில்லை. மூச்சு வாங்கியது. அக்காதான் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள். மாற்றுச் சிறுநீரகம் தர அக்காவின் ரத்தம் ஒத்துவரவில்லை. அவனுடையது ஒத்துவந்தது.

அவனுக்குச் சோதனைகளெல்லாம் முடிந்து கிட்னி டாக்டரம்மா வந்தபோது, மனைவி மெஷினோடு படுத்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"உங்க சிறுநீர்ல சர்க்கரை போகுது. ஆனா ரத்தத்துல சர்க்கரை சுத்தமா சரியா இருக்கு."

"அப்படின்னா?"

"கிட்னி ஒரு நாளைக்கு நூத்தெண்பது லிட்டர் வடிகட்டுது. உப்பு, சர்க்கரை, தண்ணி எல்லாமே வடிஞ்சு வந்துடும். அப்படியே வெளிய விட்டா பொழுது சாயறதுக்குள்ள வத்திப் போவோம். வடிகட்டிக்குப் பின்னாடி மயிரிழை மாதிரி குழாய்ங்க இருக்கு. வேண்டியதையெல்லாம் உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புறது அதுங்கதான். தண்ணில நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பங்கு திரும்பிடும், சர்க்கரை மிச்சமே இருக்காது. உங்க குழாய்ங்களுக்குச் சர்க்கரைய இழுக்கறதுல மட்டும் பொறப்புலயே கொஞ்சம் சோம்பேறித்தனம். இது நோயே இல்ல, மருந்தும் வேணாம். தாராளமா தானம் பண்ணலாம்."

"கிரேன் ஓட்டலாமா?"

"விமானமே ஓட்டலாம்" என்று சிரித்தாள் டாக்டரம்மா.

மனைவி தலையைத் திருப்பினாள். "டாக்டர், எனக்கு இது எப்ப ஆரம்பிச்சிருக்கும்? மூணு வருஷம் முன்னாடி மூத்திரத்துல பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"கண்டிப்பா. புரதம் கொட்டியிருக்கும். அப்பவே மாத்திரை ஆரம்பிச்சிருந்தா இன்னும் பல வருஷம் தள்ளிப் போட்டிருக்கலாம்மா."

டாக்டரம்மா போனதும் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு டாக்டர் என்ன சொன்னாரு?"

"புரதம் போகுதுன்னு..."

"எப்ப?"

"அன்னிக்கேதான்."

அவள் அழவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமி ஓய்ந்தார்கள்.

"குடு" என்றாள். பதினாலு வருடத்தில் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "வேணாம்னு வீம்பு பண்ணுவேன்னு நெனச்சியா? எனக்கு உயிர் வேணும். கிட்னியக் குடுத்துட்டுப் போ."

கொடுத்தான். ஆபரேஷன் நன்றாக நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாதம், முகக்கவசம் போட்டுக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்தபடி கம்பெனி டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, யார் புட்டி எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கொக்கிக்கு எச்சரிக்கையோடு போயிற்று. கிரேன்காரனை வேலையைவிட்டே நிறுத்தினார்கள். சர்க்கரைக்காக இல்லை, புட்டி மாற்றியதற்காக. அவன் கொண்டுவந்து நீட்டிய கிட்னி டாக்டரம்மாவின் கடிதத்தைப் படித்துவிட்டுக் கம்பெனி டாக்டர், "அன்னிக்கே ரத்தம் குடுத்திருந்தா நீ மேலயே உக்காந்திருக்கலாமேய்யா" என்றார்.

ஒருநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனான். முன்னறையில் அவள் தைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வீக்கமில்லை. நிலைப்படியில் நின்றபடி, விலாவுக்குக் கீழே தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு கேட்டான்:

"வீட்டுக்கு வர்றியா?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வெளிச்சத்த மறைக்காத. தள்ளி நில்லு."

அவன் தள்ளி நின்றான். மெஷின் ஓடத் தொடங்கியது.