அவர் அடைத்த காற்று

"இந்த மூணுல எது நல்லது, அக்கா?" என்றார் வந்தவர்.

காற்றுத் துப்பாக்கிகளை விற்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே வாய் வலித்துப்போனது.

"ஸ்பிரிங் வச்சதுக்கு எதுவும் நிரப்ப வேணாம், ஆனா தோளை உலுக்கிடும். கேஸ் குப்பி போட்டது சொகுசு, குளிர் வந்தா சுருண்டு படுத்துக்கும். சிலிண்டர்ல காத்தடைச்சது அலுங்காம சுடும். கைப்பம்ப்புல அடைக்கிறதுக்குள்ள உங்க இடுப்பு ஒடிஞ்சிடும்."

சுவரில் தொங்கிய சிலிண்டர் துப்பாக்கியைக் காட்டினார். "அதை ஒரு தடவை சுட்டுப் பாக்கட்டுமா?"

"தொடாதீங்க!"

குரல் உயர்ந்துவிட்டது. அவர் ஸ்பிரிங் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார்.

சுவரில் தொங்குவது என் வீட்டுக்காரருடையது. இறப்பதற்கு முதல் நாள், வியர்க்க விறுவிறுக்க, பம்ப்பைத் திட்டிக்கொண்டே அதில் காற்றை நிரப்பினார். பிறகு யாரும் அதைச் சுடவில்லை. ஏழு மாதமாக அழுத்தமானியின் முள் இருநூறிலேயே நின்றது. கடையைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

இன்று நூற்றெண்பது. உள்ளே ரப்பர் வளையம் காய்ந்து, காற்று கசிகிறது. மாற்றுவது எனக்குப் பத்து நிமிட வேலை.

ஆனால் மாற்ற வேண்டுமென்றால், முதலில் உள்ளே இருக்கும் காற்றை முழுவதும் திறந்துவிட வேண்டும்.