பார்க்காதபோது

"நீங்க போய்க் கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க. பால் குக்கர் விசில் அடிச்சா நான் அணைச்சுக்கறேன்" என்றாள் அருணாதேவி, நெஞ்சைச் சொறிந்துகொண்டே. கருவியைக் கழற்றிக் கொடுத்த பிறகும் அதன் பசை அரித்தது.

அவளுக்குப் படபடப்பு. நெஞ்சில் ஒட்டி ஒரு பகலும் ஓர் இரவும் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி அது. முடிவைப் பார்க்கத்தான் என் மனைவி சம்மதிக்கவில்லை. ரமணாசிரமம் பக்கம் வாடகை ஹாலில் ஞாயிறுதோறும் குவாண்டம் வகுப்பு நடத்தும் சக்கரபாணி சொல்லியிருந்தார்.

"பாக்கற வரைக்கும் நோவு இருக்கும், இல்லாமலும் இருக்குமாம். நம்ம மனசு பாத்துதான் ஒண்ணாக்குதாம். பௌர்ணமிக்கு கிரிவலம் சுத்திட்டு, தெளிஞ்ச மனசோட பாக்கலாங்க" என்றாள்.

முந்தின நாள் கிளினிக்கிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவள் போனை எடுக்கவில்லை.

அன்று காலை நான் கறிவேப்பிலை வாங்கப் போகவில்லை, கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் திரையில் காட்டினார். துள்ளித் துள்ளி வந்த கோடு நடுராத்திரியில் ஓரிடத்தில் துடிப்பே இல்லாமல் நேராகக் கிடந்தது. "உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

வேங்கிக்காலில் எங்கள் தெருமுனை திரும்பும்போதே விசில் கேட்டது. யாரும் அணைக்கவில்லை. அவள் சமையலறை வாசலில் கிடந்தாள்.

காரியத்தன்று சக்கரபாணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க பயந்துகிட்டே போய்ப் பாத்தீங்க பாருங்க, அப்பதான் அது முடிவாயிடுச்சு."

"அந்தக் கோடு விழுந்தப்ப நாங்க ரெண்டு பேரும் குறட்டை விட்டுட்டிருந்தோம். யாருய்யா பாத்தது?"

"மிஷின்ல பதிவானாலும், ஒரு மனசு பாக்கற வரைக்கும்..."

"நர்ஸ் முந்தின நாளே பாத்துட்டா. அதனாலதான் போன் அடிச்சாங்க. அப்ப நர்ஸ்தான் கொன்னாளா? வண்டியில பெட்ரோல் இருக்கான்னு பாக்காமத்தான் ஓட்டுறியா நீ? எழுந்து போய்யா!"

மச்சான் கோபி என் கையைப் பிடித்தான். "விடுங்க மாமா, சாவு வீடு."

"அதை அவனுக்குச் சொல்லு."

வகுப்பு நிற்கவில்லை. போன ஞாயிறும் அந்த ஹால் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. இருக்கும் நோயை இல்லை என்று சொல்லக்கூட அவருக்குத் துணிவில்லை. இரண்டுமாக இருக்கிறது என்றார். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் செத்தாள்.

பால் குக்கரை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னான் கோபி. கொடுக்கவில்லை. காலையில் அதை அடுப்பில் வைத்துவிட்டு நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். சமையலறையில் யாரும் இல்லை. விசில் அடிக்கிறது.