வீடு இயங்குகிறது

றொமேஷ் ருமேனியாவுக்குப் போன பிறகு, சாமான் சாமானாக வாங்கி அவன் தானே பொருத்திய கணினி ஊர்காவற்றுறை வீட்டின் அறையில் பழைய படுக்கைப் பெற்சீற்றால் மூடிக் கிடந்தது. கலியாணம் முடித்த வருசமே போனவன். மனைவி மேரிசுகந்தி முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு வந்து கூட்டும்போது மட்டும் அந்த மேசைப் பக்கம் போவாள்.

தினமும் வீடியோவில் பேசினார்கள். தொடக்கத்தில் சொல்லி முடியாமல் இருந்தது. பிறகு “சாப்பிட்டீரோ”, “ஓம், நீங்கள்?” என்ற அளவில் வந்து நின்றது. அவனுக்குக் கதிரைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, ஓர் அறையில் நாலு பேர். அவளுக்கு வகுப்பு நிறையப் பிள்ளைகள். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. திரையில் முகத்தைக் கண்டதும் அதெல்லாம் எங்கேயோ போய்விடும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் சொன்னான்.

“சுகந்தி, அந்தக் கொம்பியூட்டரைப் போட்டுப் பாரும். சும்மா கிடந்தா உப்புக்காத்துக்குக் கறள் பிடிச்சிடும்.”

“போட்டு நான் என்ன செய்யிறது?”

“மைனிங் செய்விப்பம். என்னோடை வேலை செய்யிற நேபாளப் பெடியன் தன்ரை ஊரிலை செய்விக்கிறான். மெசின் தன்ரைபாட்டிலை கணக்குச் செய்யும். அதுக்குக் கூலியா மொனேரோ எண்டு ஒரு இன்ரநெற் காசு துளித்துளியா வரும்.”

“உது சூதோ?”

“சூதில்லையப்பா. பெருசா ஒண்டும் வராது. ஒரு விளையாட்டுக்குத்தான்.”

பெரிதாக ஒன்றும் வராது என்றதும்தான் அவளுக்குப் பயம் விட்டது. பெற்சீற்றை உதறி மடித்து வைத்தாள்.

முதலில் காசு வந்து சேர ஒரு வொலற், கணினிக்குள் ஒரு பணப்பை, வேண்டும் என்றான். அவன் சொன்ன செயலியைக் கணினியில் இறக்கித் திறந்தபோது திரையில் ஆங்கிலச் சொற்கள் வரிசையாக வந்தன.

“இப்ப போனைச் சுவர்ப்பக்கம் திருப்பும். அந்தச் சொல்லுகளை ஒழுங்கு மாறாமல் எழுதி அலுமாரிக்குள்ளை வையும். வொலற்றைத் திறக்கிற திறப்பு அதுதான். எனக்கும் காட்டவேண்டாம்.”

“உங்களுக்குமோ?”

“போனிலை போகக்கூடாது. நான் வந்து பாக்கிறன்.”

வந்து என்ற சொல்லை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் முதல் சொல்லையே இரண்டு தரம் பிழையாக எழுதி வெட்டினாள்.

“ஆறுதலா எழுதும்” என்றது சுவரைப் பார்த்துக் கிடந்த போன். “நான் எங்கடை சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

எழுதி முடித்ததும் வொலற்றின் விலாசம் வந்தது. எழுத்தும் இலக்கமும் கலந்து, முடிவில்லாதது போல நீண்டிருந்தது. அதை ஆருக்கும் கொடுக்கலாம், வீட்டு விலாசம் மாதிரித்தான் என்றான். மைனிங் நிரலில் அவள் அதை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பிழை என்று வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் பிழை.

“கையாலை அடிக்க ஏலாது. கொப்பி பண்ணிப் போடும். போட்டிட்டுக் கடைசி எழுத்துகளை வாசிச்சுக் காட்டும்.”

இந்தமுறை ஏற்றுக்கொண்டது. கடைசியாக, கணினிக்கு ஒரு பெயர் கேட்டது.

“விருப்பமானதைப் போடும்” என்றான்.

அவள் ‘வீடு’ என்று ஆங்கில எழுத்தில் போட்டாள். கணினியின் காற்றாடி இரைய ஆரம்பித்தது.

அடுத்த கிழமை ஒரு நாள் மழைக்காற்று அடித்து மின்சாரம் நின்றது. சற்று நேரத்தில் போன் அடித்தது.

“கரண்ட் நிண்டிட்டுதோ?”

“ஓம். ஆர் சொன்னது?”

“மைனிங் தளத்திலை எங்கடை வொலற் விலாசத்தைப் போட்டா, வீடு ஓடுதோ நிண்டிட்டுதோ எண்டு தெரியும். தேத்தண்ணிக்கு விடேக்கை நான் பாக்கிறனான்.”

அதற்குப் பிறகு கதைக்க விசயம் வந்தது. பின்னேரம் ஏன் நின்றது என்று கேட்பான். பக்கத்து வீட்டு ஜெனீற்றா அக்கா மாவரைக்க வந்து பிளக்கைக் கழற்றியதைச் சொல்வாள். அங்கிருந்து ஜெனீற்றா அக்காவின் மகளின் கலியாணப் பேச்சு, தோணித்துறைக்குப் புதிதாக வந்த படகு என்று எங்கெங்கோ போகும்.

லைற் பில் வந்தது. மைனிங்கில் சேர்ந்தது அதற்குக் கிட்டவும் நிற்கவில்லை.

“நிப்பாட்டும்” என்றான். அவள் நிறுத்திப் பெற்சீற்றைப் போட்டாள். பேச்சு மறுபடியும் சாப்பாட்டோடு முடிந்தது. கார்த்திகையில் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள், நத்தார்ப் பண்டிகைக்கு வர ஏலாது என்றான். அவள் சரி என்றாள். அவனும் சரி என்றான்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவள், உடுப்பும் மாற்றாமல் கணினியைப் போட்டாள். அவனுக்குச் சொல்லவில்லை. பொழுதுபடும் நேரம் அவன் அழைத்தான்.

“இண்டைக்குப் போட்டனீர், என்ன?”

“எப்பிடித் தெரியும்? நிப்பாட்டி எவ்வளவு காலம்.”

“நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்.”

“ஓடாத மெசினையோ?”

“ஓம். வீடு எண்டு பேர் நிக்குமெல்லே. சிவப்பிலை.”



“நீங்கள் இஞ்சை வீட்டைப் பாக்கிறியள்” என்றாள். “நான் எதைப் பாக்கிறது? உங்கடை பக்கத்திலை எனக்கு ஒண்டுமில்லை.”

அவன் போன நாளிலிருந்து அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“இஞ்சை எங்கை கொம்பியூட்டர் வைக்கிறது? கட்டிலுக்குக் கீழையும் மற்றவன்ரை சூட்கேஸ்” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

சில நாள் கழித்து, முன்பள்ளிப் பிள்ளைகள் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து செய்தி வந்தது. ‘தளத்தைப் பாரும்.’ திறந்தாள். வீட்டுக்குக் கீழே இன்னொரு பெயர் பச்சையில் நின்றது. ‘கட்டில்.’

கண்ணாடி வெடித்த தன் பழைய போனில் அதே விலாசத்தைப் போட்டிருந்தான். சூடேறும் என்பதால், அவன் படுக்கும் நேரம் மட்டும் தலைமாட்டில் சார்ஜில் கிடந்து ஓடும்.

“உது ஒண்டும் உழைக்காது” என்றான்.

“தெரியும்.”

இப்போது வீடு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் ஓடுகிறது. கட்டிலை அவள் தினமும் விடிய எழும்பியதும் பார்ப்பாள். அங்கே அது நடுச்சாமம். பச்சை என்றால் நித்திரையில் இருக்கிறான்.

மார்கழியில் ஒரு விடியல், கட்டில் சிவப்பில் நின்றிருந்தது. யோசிக்காமல் அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“நித்திரை வரேல்லையோ?”

“இல்லை.”

“என்ன யோசனை?”

மற்றவர்களை எழுப்பாமல் கதவைத் திறந்து வெளியே போகும் சத்தம் கேட்டது.

“இதை உமக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு கனநாளா…” என்று தொடங்கினான்.

அவள் தேத்தண்ணியோடு வாசற்படியில் வந்து இருந்தாள். பள்ளிக்கு நேரமாகும்வரை, நாலு பேர் அறையிலும் தான் தனியாகக் கிடப்பதை, இவ்வளவு நாளும் திரையில் அவள் முகத்தைக் கண்டதும் சொல்ல வராமல் போனதையெல்லாம், அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.