மருதாணி இருந்த இடம்

படப்பையில் அம்மாவின் கால் மாவுக்கட்டைப் பிரித்த மறுநாளே, துணைக்குப் போயிருந்த ஷபீனா செம்பாக்கத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"பெருநாளைக்கு மாப்பிள்ளை வர்றார்ல, அதான் கால் தரையில நிக்கல" என்று அம்மா கிண்டல் செய்தாள்.

அதுவும் உண்மைதான். ஆனால் பர்வேஸ் அமெரிக்காவிலிருந்து வந்ததும் காட்டுவதற்கு அவளிடம் ஒன்று இருந்தது. இரண்டு வருடமாக ஃபோனில் ஒரு வார்த்தை சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்று.

கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டுக்கு முன்னால் வெறும் மண். சுவரோரத்து டிரம்மில் பேப்பர் பூச்செடி மட்டும் ரோஸ் நிறத்தில் பூத்துக் குலுங்கியது. மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்த ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"வாம்மா. நான் சவுரிமுத்து, லான் போடறவன். சார் அமெரிக்கால இருந்து ஃபோன் பண்ணாரு. பக்கத்து வூட்டு டீச்சரம்மாதான் சாவி குட்த்தாங்க."

"இங்க இருந்த செடியெல்லாம்..."

"பூ கீற செடிய வுட்ரு, மத்தத எட்த்துடுன்னாரு சாரு. அது ஒண்ணுதான் பூத்துகினு இருந்துச்சு. தோ, வுட்டுட்டேன்ல?"

"தும்பை பூத்திருந்துச்சே?"

சவுரிமுத்து சிரித்தார். "இன்னாம்மா, அத்தப் போயி பூவுன்னுகினு! களைம்மா அது. நாளைக்குப் பாரு, புல்லு வந்து எறங்கும். பாய் கணக்கா விரிச்சுட்டுப் போய்னே இருப்போம்." பிறகு மூலையைக் காட்டினார். "அங்க ஒரு வேரு பேஜாரு பண்ணிச்சு. ஆழமா போய்கினு கீது. மேலாப்புல வெட்டிட்டு மண்ணு தள்ளிட்டேன்."

அந்த மூலையில்தான் மருதாணி இருந்தது.

சிறுசேரி ஆபீஸிலிருந்து பர்வேஸை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, கிளம்புவதற்கு முன் அவன் ஆசையாகக் கொரியன் புல் போட்டான். "நான் வர்ற வரைக்கும் பச்சையா வச்சிரு ஷபி" என்றான். அந்தக் கோடையிலேயே கிணறு அடி தட்டியது. குடிக்கவே லாரித் தண்ணீர் என்றான பிறகு புல்லுக்கு எங்கே போவது? அது தேங்காய் நாராய்க் காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் ஃபோனில் கேட்டபோது, "பச்சையா இருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன வாய்க்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்றுதான் ஆரம்பித்தாள். ஏரிக்கரையிலிருந்து ஒரு நொச்சிக் குச்சி. வேலியோரத்து ஆடாதோடை. அம்மா வீட்டு மருதாணிக் கிளை. தும்பை யாரும் வைக்காமலே வந்தது. அரிசி கழுவின தண்ணீரே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. மாலையில் படியில் உட்கார்ந்தால் பேசுவதற்கு யாரும் இல்லாத அந்த வீட்டில் பார்ப்பதற்காவது ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருக்கும். போன வருடம் ஒரு தையல்சிட்டு ஆடாதோடை இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியது. குஞ்சுகள் பறந்துபோன அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாணமான முதல் பெருநாளுக்குப் பர்வேஸ்தான் அவள் உள்ளங்கையில் மருதாணி வைத்துவிட்டான், கோணல்மாணலாக. இந்தப் பெருநாளுக்கு அவனையே இலை பறிக்கச் சொல்லி, அரைத்துக்கொடுத்து, கையை நீட்ட வேண்டும் என்று இருந்தாள். அதற்காகவே பல மாதமாக அந்தச் செடியில் ஓர் இலையைக்கூடக் கிள்ளவில்லை.

சவுரிமுத்து போன பிறகு, பள்ளிவாசல் கஞ்சியையும் பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு படியில் வந்து உட்கார்ந்தாள். நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஃபோன் அடித்தது.

"பாத்தியா?" பர்வேஸின் குரலில் சிரிப்பு. "தம்பி அக்தர் ஃபோட்டோ அனுப்பியிருந்தான். 'அண்ணே, உன் வீடு காடாயிடுச்சு'ன்னு. பாவம், நீ ஒருத்தியா எவ்வளவுதான் பாப்பே? அதான் நீ ஊருலேருந்து வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு..."

அவன்மேல் கோபப்பட முடியவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"அது காடு இல்ல மச்சான். நான் வச்ச தோட்டம்."

"என்னது?"

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நொச்சி, ஆடாதோடை, தும்பை, தையல்சிட்டு. மருதாணியைக் கடைசியில்தான் சொன்னாள்.

"அப்போ லான்?"

"நீங்க போன கோடையிலயே காஞ்சு போச்சு."

"பச்சையா இருக்குன்னு சொன்னியே?"

"பச்சையாத்தான் இருந்துச்சு."

"ஏன் ஷபி என்கிட்ட சொல்லல?"

"முதல்ல பயம். அப்புறம், நீங்களே வந்து பாக்கணும்னு ஆசை."

"சவுரிமுத்துகிட்ட புல்லு வேணாம்னு இப்பவே சொல்லிடறேன். வந்ததும் நர்சரிக்குப் போவோம். எல்லாத்தையும் திரும்ப வச்சிடலாம்."

"வேணாம். வேர் உள்ளதான் இருக்கு. மழை பேஞ்சா தானா துளிர்க்கும்."

"எப்போ?"

"ஐப்பசி முடியும்போது."

"அதுக்குள்ள என் லீவு..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை.

"தெரியும் மச்சான்."

பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் பேரீச்சம்பழத்தைக் கடித்து, பாதித் தண்ணீரைக் குடித்தாள். எழுந்துபோய் மீதியை அந்த மூலையில் ஊற்றினாள். மண் சட்டென்று உறிஞ்சிக்கொண்டது.

"என்ன சத்தம்?"

"தண்ணி ஊத்தறேன்."

"அங்கதான் ஒண்ணும் இல்லையே ஷபி."

"கீழ இருக்கு."

அவன் ஃபோனை வைக்கவில்லை. அவளும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு, இருட்டத் தொடங்கிய அந்த வெறும் மண்ணைப் பார்த்தபடி நின்றாள்.