வலது தோள் துண்டு

நாடக மேடையில் அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீண்டது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த எனக்கு ஐந்து நிமிடம் போலத் தோன்றியது. திரை இழுக்கிற முப்பிடாதி மூன்று என்பான். மேடையோரத்தில் நாடகப் பிரதியோடு உட்கார்ந்திருந்த ஷம்சாத் மட்டும் யார் கேட்டாலும் வாய் திறந்ததில்லை. இது அவளுடைய கதை.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் சாமான் கடை வைத்திருந்தாள். நாடகத்துக்கு உடுப்பு தைத்துக் கொடுக்க ஒருமுறை நாடகச் சங்கத்து ஹாலுக்கு வந்தவள், மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறவளாக அங்கேயே தங்கிவிட்டாள். அவள் குரல் மேடையில் நிற்பவர் காது வரைக்கும் போகும், முதல் வரிசைக்குப் போகாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஃபேன் போட்டால் வசனம் கேட்காது. நாடகம் தொடங்கியதும் எல்லா ஃபேனையும் நிறுத்திவிடுவார்கள். ஜனம் நோட்டீஸால் விசிறிக்கொண்டே பார்க்கும்.

சங்கத்தின் முக்கிய நடிகர் செண்பகராஜ், மணியாச்சி ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். நடிப்பில் அவருடைய பலமே பேசாமல் நிற்பதுதான். முதல் வருஷம் அது தெரியாமல், மறந்துவிட்டார் என்று ஷம்சாத் வசனம் எடுத்துக் கொடுத்துவிட்டாள். திரை விழுந்ததும் வந்து நின்றார்.

"தங்கச்சி, மறந்தா நானே கேப்பேன். வலது தோள்ல கிடக்க துண்ட வலது கையால தொடுவேன். அதுதான் சிக்னல். சிக்னல் விழாம வண்டிய எடுத்தா எங்க டிபார்ட்மெண்ட்ல என்ன செய்வாவ தெரியுமா?"

"என்ன செய்வாவ அண்ணாச்சி?"

"வீட்டுக்கு அனுப்பிருவாவ."

முப்பிடாதி கயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னான். "நீங்க பேசாம நிக்க நேரத்துல நான் எப்போதும்வென்றான் ஊருக்குப் போயி டீ குடிச்சிட்டு வந்துருவேன்."

"கயித்த விட்டுட்டுப் போயிராதலே" என்றார் செண்பகராஜ்.

பதினோரு வருஷத்தில் அந்தத் துண்டை அவர் இரண்டே முறைதான் தொட்டார்.

அந்த மௌனம் விழுந்தது ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சோலார் கம்பெனிக்குக் கரிசல் காட்டை எழுதிக் கொடுத்துவிட்ட ஒரு விவசாயியின் கதை. மகன் பத்திரத்தை நீட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்க வேண்டும். "கையெழுத்து என்னுதுதான். ஆனா நான் வாசிக்கல" என்று விவசாயி வேஷத்தில் செண்பகராஜ் சொல்ல வேண்டும்.

மகன் கேட்டான். அவர் சொல்லவில்லை.

நோட்டீஸ் விசிறிகள் நின்றன. ஷம்சாத்தின் விரல் அந்த வரியிலேயே இருந்தது. அவருடைய வலது கை தொங்கிக் கிடந்தது. அது எழும்பவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினாள். யாரோ கைதட்ட, ஹால் முழுக்கத் தட்டியது. அந்தக் கைதட்டலுக்குள்ளேதான் அவர் பக்கவாட்டில் சாய்ந்து பெஞ்சில் மோதி விழுந்தார்.

திருநெல்வேலியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சுது?"

உயிர் தங்கியது. பக்கவாதத்தில் பேச்சும் வலப்பக்கமும் போய்விட்டன. நான்கு மாதம் ஷம்சாத் ஹாலுக்கும் போகவில்லை, அவர் வீட்டுக்கும் போகவில்லை. ஆடிக் காற்றில் செம்மண்ணும் கரிசலுமாகப் பறந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவருடைய மகள் கிருஷ்ணப்ரியா கடைக்கு வந்தாள்.

"ஒட்டிக்கிற வெல்க்ரோ பட்டை இருக்கா அத்தை? அப்பாவால பொத்தான் போட முடியல."

ஷம்சாத் இரண்டு மீட்டர் வெட்டினாள். பிறகு ஊசியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு, "நானே வந்து தச்சுத் தாரேன்" என்று ஷட்டரை இறக்கினாள்.

செண்பகராஜ் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அவளைப் பார்த்ததும் தலையை அசைத்தார். அவள் தரையில் உட்கார்ந்து, அவருடைய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அறுத்தாள். மூன்றாவது சட்டையில் கிருஷ்ணப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க ஏன் வரலைன்னு எனக்குத் தெரியும் அத்தை. அன்னைக்கு நான் போன்ல வீடியோ எடுத்தேன். அப்பா பேசாம நின்னது ஒரு நிமிஷம் அம்பது செகண்டுதான். அதுல ஒண்ணும் மாறியிருக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாவ. நீங்களே பாருங்க."

ஷம்சாத் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சின்னத் திரையில் அவர் நின்றார். மகன் கேட்டான். மௌனம். வலது கை தொங்கியது. பிறகு இடது கை மெல்ல எழும்பி, மார்பைத் தாண்டி, வலது தோள் துண்டின் நுனிக்குப் போய் நழுவியது. இன்னொரு முறை போய் நழுவியது. அப்புறம் கைதட்டல்.

கிருஷ்ணப்ரியா அதுவரை நிமிடத்தை மட்டுமே பார்த்திருந்தாள் போலிருக்கிறது. போனைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

"அத்தை, இது அங்கன இருந்து தெரியாதுல்லா? நீங்க இதப் பாத்திருக்க மாட்டீங்கல்லா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் கேட்டதே அதைத்தான்.

"பாத்தேம்மா. ரெண்டு தடவையும் பாத்தேன். வலது கையால தொடலையே, நடிக்காவன்னு இருந்துட்டேன்."

கிருஷ்ணப்ரியா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். ஷம்சாத் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நிமிர்ந்தபோது செண்பகராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வலது தோளைத் தொட்டார். அங்கே துண்டு இல்லை.

"கையெழுத்து என்னுதுதான்" என்றாள் ஷம்சாத், மேடையோரத்துக் குரலில். "ஆனா நான் வாசிக்கல."

அவர் வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது. மறுபடியும் தோளைத் தொட்டார். மறுபடியும் சொன்னாள். ஐந்து சட்டையும் தைத்து முடிகிற வரைக்கும் அப்படியே நடந்தது.

செண்பகராஜ் அடுத்த தை மாதம் இறந்துபோனார், கடைசிவரை பேசவில்லை. கிருஷ்ணப்ரியா தூத்துக்குடியில் வேலைக்குப் போகிறாள். ஷம்சாத்துக்கு அவள் போன் செய்வதில்லை. முப்பிடாதி ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். சங்கத்து ஹாலில் இன்றும் வருஷத்துக்கு இரண்டு நாடகம் நடக்கிறது, ஃபேனை நிறுத்திவிட்டு. ஷம்சாத் கடையில் இருக்கிறாள். நாடகம் பார்க்கப் போவதில்லை.